பதினாறு பாயிண்ட் நாலு

என் அக்கா வீட்டுக்காரர் தேசப்பனுக்குத் திருகுமரை என்றால் தனிப் பாசம். ஊறுகாய் பாட்டிலைக் கையில் கொடுத்தால் ஊறுகாயைப் பார்க்க மாட்டார், மூடியைத் திருகிப் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் கை கழுவுகிற குழாயில் போயிருப்பது வாஷரா, மரையா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் லேத் டர்னர். ஓய்வு பெற்ற மறுமாதமே எங்கேயோ ஒரு பழைய லேத்தைப் பிடித்து, திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வீட்டை ஒட்டின தகரக் கொட்டகையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். என் அக்கா பூவம்மா, "முப்பத்தாறு வருசம் அதுகூட குடித்தனம் பண்ணது பத்தலியா? வூட்டாண்டயும் இட்டாந்துட்டியா?" என்று கேட்டாள். மாமா மோட்டாருக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்.

நான் அறிவு, பூவம்மாவின் தம்பி. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன், கன்டெய்னர் யார்டில் வேலை. மாமாவைக் கிண்டல் செய்யாமல் எனக்குப் பொழுது போகாது, என்னைத் திட்டாமல் அவருக்கு டீ இறங்காது. அந்த மனிதர் போன வருஷம், அறுபத்து நாலு வயதில், நடுத்தெருவில் நின்று தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது. அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

கொட்டகைக்கு முதலில் வந்ததெல்லாம் காசிமேட்டு வேலைதான். விசைப்படகு ஷாஃப்ட்டுக்குப் புஷ், பம்புக்கு நட்டு, இப்படி. டெபோரா வந்தது அதற்குப் பிறகு. ராயபுரத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். லீவு நாளில் விடிகாலையில் காசிமேட்டு மீன் ஏலத்தில் பழைய பிலிம் கேமராவும் கையுமாக நிற்பாள். படகுக்காரர் யாரோ மாமாவைக் கைகாட்டியிருக்கிறார்கள். ஒரு கேமராவையும் அதில் சேராத ஒரு பழங்கால லென்ஸையும் மேஜைமேல் வைத்து, "இது ரெண்டுக்கும் நடுவுல போட ஒரு வளையம் வேணும் அங்கிள். அடாப்டர்னு சொல்லுவாங்க. ஆன்லைன்ல வாங்கினது சரியில்ல" என்றாள்.

மாமா அந்த வளையத்தை மைக்ரோமீட்டரில் பிடித்தார். "இன்னா தடிமன் இருக்கணும்?"

"ஒரு மில்லிமீட்டர், அங்கிள்."

"ஒண்ணு பாயிண்ட் நாட் அஞ்சு கீது. எவன் பண்ணான் இத?" என்று, அவர் பெற்ற பெண்ணை எவனோ கைநீட்டி அடித்துவிட்ட மாதிரிக் கேட்டார்.

அந்த வகைக் கேமராவுக்கு ரேஞ்ச்ஃபைண்டர் என்று பெயர். லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை, மேலே தனியாக ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதில் பார்த்தால் எதிரில் நிற்கிற ஆள் இரண்டு உருவமாகத் தெரிவார். லென்ஸைத் திருகத் திருக, அதன் பின்பக்கம் உள்ளே இருக்கிற ஒரு குட்டி நெம்புகோலைத் தள்ளும், இரண்டு உருவமும் நகர்ந்து ஒன்றாகும். ஒன்றான இடத்தில் எடுத்தால் படம் தெளிவாக விழவேண்டும். ஆனால் லென்ஸ் பிலிமிலிருந்து சரியான தூரத்தில் உட்கார்ந்திருந்தால்தான் விழும். வளையம் ஒரு மயிரிழை தடித்தாலும் ஜன்னல் ஒன்று காட்டும், பிலிமில் வேறொன்று விழும். டெபோரா இதை விளக்கினபோது மாமாவின் முகம் மலர்ந்துபோனது. முப்பத்தாறு வருஷம் லாரி பாகம் கடைந்த மனிதருக்கு, மயிரிழையை மதிக்கிற ஒரு வேலை கடைசியில் வந்து சேர்ந்துவிட்டது.

மூன்று பித்தளை வளையம் பாழ்போய், நாலாவது சரியாக வந்தது. டெபோரா படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். இறால் விற்கிற அம்மாவின் மூக்குத்தியில் கல் தனித்தனியாகத் தெரிந்தது. அவள் அதை நெட்டில் போட, பெங்களூரு, கொச்சி என்று பார்சல் வர ஆரம்பித்தது. ஜெர்மன் லென்ஸ், ஜப்பான் லென்ஸ், எல்லாம் மாமாவைவிட வயசானவை. இத்தனை பேருக்கு வளையம் கடைந்துகொடுத்தவர் ஒரு தடவைகூட கேமராவைத் தூக்கிப் படம் எடுத்ததில்லை. அவரை யாராவது படம் எடுக்க வந்தால் லேத்துக்குப் பின்னால் போய்விடுவார். அதற்குக் காரணம் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் மூன்று பேர், மாமா, அக்கா, நான்.

போன வருஷம் ஆடியில் டெபோரா தட்டையாக ஒரு லென்ஸ் கொண்டுவந்தாள். சுற்றிலும் ரஷ்ய எழுத்து.

"இது என் ரஷ்யக் கேமராவுல அப்படியே திருகி உக்காருது அங்கிள், மரை கரெக்ட்டு. ஆனா ஒரு ரோல் பூரா புகை. அப்புறம்தான் படிச்சேன். அந்த ஊருல ரெண்டு வகை கேமரா பண்ணியிருக்காங்க. ஒண்ணு இந்த ஜன்னல் வெச்சது. இன்னொண்ணு உள்ள கண்ணாடி வெச்சது. அந்தக் கண்ணாடி எழுந்து உக்கார எடம் வேணும்ல, அதனால அதோட லென்ஸ் இன்னும் தள்ளி நிக்கணும். ஆனா ரெண்டுக்கும் ஒரே மரையைப் போட்டுட்டாங்க. நடுவுல பதினாறு பாயிண்ட் நாலு மில்லியில ஒரு வளையம் வெச்சா சரியாயிடும்."

மாமா லென்ஸை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். லேத் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, நான்தான் எழுந்துபோய் நிறுத்தினேன். "இன்னா மாமா, பிரஷரா?" என்றேன். என்னைப் பார்க்காமல் டெபோராவிடம், "ரெண்டு நாள் கழிச்சு வாம்மா. கேமராவையும் வெச்சுட்டுப் போ" என்றார்.

அவள் போனதும் என்னிடம் சொன்னார்: "சௌக்கத்துக்கு நான் குடுத்தது இதே மாதிரி லென்ஸுதான் அறிவு."

சௌக்கத் அலி எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர், மாமாவுக்கு உயிர்த் தோஸ்து. கல்மண்டபத்துப் பக்கம் ஒற்றை அறையில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அந்தக் காலத்தில் துறைமுகத்துக்கு வருகிற ரஷ்யக் கப்பல்காரர்கள் கேமராவைக் கொடுத்துவிட்டு ஜீன்ஸும் குடையும் வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படிக் கைக்கு வந்த கேமரா பாயுடையது. எங்கள் பக்கத்துக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் பாய்தான். சைக்கிள் கேரியரில் தோல் பையைக் கட்டிக்கொண்டு வருவார். பிலிம் ரோல் வருகிற குட்டி அலுமினிய டப்பாவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார், நான் அதில் கோலிக்குண்டு போட்டுவைப்பேன். தொழிற்சாலைச் சங்கு ஊதி ஷிஃப்ட் விட்டால் தெருவெல்லாம் சைக்கிள் மணியாக இருக்கும், அந்த நெரிசலில் பாயின் மணி மட்டும் தனியாகத் தெரியும். இப்போது நினைத்தாலும் அந்தத் தெரு எனக்கு வேண்டும்போல இருக்கிறது.

எண்பத்தாறு ஆவணியில் மாமாவுக்கும் அக்காவுக்கும் கல்யாணம். பாயின் லென்ஸில் ஓரம் பூசணம் பிடித்திருந்தது. மாமா அவருக்குத் தெரியாமல் பர்மா பஜாரில் தேடி, அதே ரஷ்ய எழுத்துப் போட்ட புது லென்ஸ் ஒன்றை வாங்கிவைத்திருந்தார். எங்கள் பக்கம் போட்டாக்காரருக்கும் தாம்பூலத் தட்டில் வேட்டி துண்டு வைத்து மரியாதை செய்துதான் வேலையை ஆரம்பிப்பார்கள். மாமா அந்தத் தட்டில், வெற்றிலைக்கு மேலே, லென்ஸை வைத்துச் சபையில் கொடுத்தார். பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே பழசைக் கழற்றிப் புதுசைத் திருகினார், ஜன்னலில் பார்த்தார். பிறகு மாமாவின் காதோடு, "தேசா, திருகினா ரெண்டு உருவமும் நவுர மாட்டேங்குது. என் பழசுலயே எடுக்கறனே" என்றார்.

மாமாவுக்கு அப்போது இருபத்தாறு வயது, தலையில் ஜரிகைத் தொப்பி, கழுத்தில் மாலை. "மரை உக்காந்துச்சா இல்லியா? மரை பொய் சொல்லாது பாய். ஜன்னல வுடு, அடி அளந்து வெச்சு எடு" என்றார். தட்டில் வைத்துக் கொடுத்ததை அன்றைக்கே கழற்றி ஓரம் வைக்கவும் முடியாது. பாய் ஒவ்வொரு படத்துக்கும் காலடி வைத்துத் தூரம் அளந்து, லென்ஸில் எழுதியிருந்த எண்ணுக்குத் திருப்பி, மூன்று ரோல் எடுத்தார்.

நாலாம் நாள் கழுவின பிலிமோடு வந்தார். நூற்றெட்டுப் படமும் புகை. வெள்ளையாக ஒன்று நிற்கும், கறுப்பாக ஒன்று நிற்கும், யார் மாப்பிள்ளை யார் வாழைமரம் என்று சொல்ல முடியாது. மாமா பிலிமைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிக் கத்தினார். "குடிச்சுட்டாடா வந்த என் கல்யாணத்துக்கு? குடிகாரன நம்பி கெட்டேனே" என்று, ஐந்து வேளை தொழுகிற மனிதரைப் பார்த்து. பாய் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். எனக்கு அப்போது பதினாலு வயது. 'பொகை பாய்' என்று அவருக்குப் பேர் வைத்தது நான்தான். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த பேர் ஒரே வாரத்தில் மார்க்கெட் வரைக்கும் போய்விட்டது. குடிகாரப் பொகை பாய்க்கு யார் கல்யாண வேலை கொடுப்பார்கள்? இரண்டு வருஷத்தில் ஸ்டுடியோ மூடிவிட்டது, பாய் மீஞ்சூர் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம்.

இதோடு போயிருந்தால் கோபம் என்றைக்கோ ஆறியிருக்கும். கல்யாணம் ஆன முப்பத்தைந்தாம் நாள், துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த எங்கள் அப்பா மாரடைத்து விழுந்தார். அவருக்கு இருந்த ஒரே போட்டா துறைமுகப் பாஸில் ஒட்டினது, அதிலும் பாதி முகத்தில் ஊதா சீல். அதைத்தான் பெரிசு பண்ணி மாலை போட்டிருக்கிறோம். வருஷா வருஷம் அப்பா திதியன்று அக்கா கற்பூரம் ஏற்றுமுன் சௌக்கத் பாய்க்கு ஒரு சாபம் விடுவாள். "எங்கப்பன் மூஞ்சிய பொகையாக்கினவன் வூடு பொகைஞ்சு போவ." அதற்குப் பிறகுதான் தீப்பெட்டியை உரசுவாள்.

மறுநாள் மாமா பதினாறு பாயிண்ட் நாலு மில்லியில் வளையம் கடைந்து முடித்தார். டெபோராவின் கேமராவின் பின்மூடியைக் கழற்றி, பிலிம் ஓடுகிற இடத்தில் வெளிச்சம் ஊடுருவுகிற பட்டர் பேப்பரை ஒட்டி, ஷட்டரைத் திறந்தபடி பிடித்துக்கொண்டார். முதலில் வளையம் இல்லாமல் லென்ஸைத் திருகினார். பேப்பரில் வெள்ளையாக ஒன்று, கறுப்பாக ஒன்று. "இதான்டா. இதே பொகை" என்றார். வளையத்தை நடுவில் வைத்துத் திருகினார். எதிர்வீட்டுக் கதவும், அதில் காய்கிற துண்டும், துண்டின் கோடும் தலைகீழாக, பளிச்சென்று வந்து விழுந்தன. மறுபடி கழற்றினார், மறுபடி வைத்தார். ஏழெட்டுத் தடவை ஆனதும் நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். மாமா அழுதுகொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் லென்ஸைக் கழற்றி வைத்தேன், வைத்த பேர் என்னுடையது அல்லவா.

"பாயாண்ட போய் சொல்லிடுவேன்டா. கால்லகூட வுழுவேன். உங்கக்காவாண்ட எப்பிடி சொல்றது?" என்றார். சமையலறையில் அக்கா தாளிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

காசிமேட்டில் பாயின் உறவுக்காரர் ஒருவரைப் பிடித்து விலாசம் வாங்கினோம். அக்காவிடம் பித்தளை ராடு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினோம். மீஞ்சூரில் பாயின் மகள் மலிகா கதவைத் திறந்தாள். உள்ளே பாய் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மெலிந்து, தாடி வெளுத்து, ஆனால் அதே ஆள்தான். எங்களைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்தார். "வா தேசா, குந்து" என்றார். என்னைப் பார்த்து, "நீ அந்தப் பேரு வெச்சவன்தானே?" என்றார். எனக்குத் தரையில் ஒரு பள்ளம் இருந்தால் இறங்கியிருப்பேன்.

மாமா வளையத்தை எடுத்து டீபாயில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு வகைக் கேமரா, ஒரே மரை, பட்டர் பேப்பர், எதிர்வீட்டுத் துண்டு. பாய் வளையத்தை விரலில் உருட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"நானும் பட்டர் பேப்பர் வெச்சுப் பாத்தேன் தேசா. ஒரு மாசம் எனக்கு அந்த லென்ஸ தொடவே மனசு வரல. அப்பால ஒருநா வெச்சுப் பாத்தேன், பொகை. என் பழச போட்டேன், தெளிவா கீது. ஏன் எதுக்குன்னு அப்ப தெரியாது, ஆனா லென்ஸுதான்னு தெரிஞ்சுபோச்சு. உன்னாண்ட சொல்லலாம்னு சைக்கிள எடுத்துகினு வந்தேன். உன் மாமனாருக்குப் பாடை கட்டிகினு இருந்தாங்க."

மலிகா டீ கொண்டுவந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

"பூவம்மா தலைய விரிச்சுப் போட்டுகினு, எங்கப்பன் மூஞ்சிகூட இல்லியேன்னு அழுதுகினு இருந்துச்சு. கல்யாணம் ஆயி முப்பத்தஞ்சு நாளு. அந்த நேரத்துல போய், உன் வூட்டுக்காரன் குடுத்த லென்ஸுதான்மா அதுக்குக் காரணம்னு சொன்னா, அந்தப் பொண்ணு உன்கூட எப்பிடி வாழும்? என்மேல கோவம்னா திட்டிட்டுப் போவும். நான் இன்னா அதுகூட ஒரே வூட்லயா கீறேன். அதான் அப்பிடியே திரும்பிட்டேன்."

மாமா எழுந்து, "மன்னிச்சிடு பாய்" என்று கையைப் பிடித்தார். பாய் கையை விடுவித்துக்கொண்டார்.

"எதுக்கு?"

"லென்ஸுக்கு."

"அதுக்கு இன்னாத்துக்கு மன்னிப்பு? நீ தெரியாம குடுத்த, நான் தெரியாம திருகினேன். அது ரெண்டு பேரு முட்டாத்தனம். குடிச்சுட்டு வந்தேன்னு சொன்னியே, அத லென்ஸு சொல்லல. நீ சொன்ன. எங்க வாப்பா நம்ம தெரு பள்ளிவாசல்ல பெருக்கிகினு இருந்தவரு. அவரு காதுல அது விழுந்துச்சு. என்னாண்ட ஒண்ணும் கேக்கல, ஆனா சாவற வரைக்கும் என் வாய மோந்து பாக்கற மாதிரியே கிட்ட வருவாரு." பாயின் குரல் அங்கேதான் உடைந்தது. "எங்க சொன்னியோ அங்க நின்னு சொல்லு. அப்பால என்னாண்ட வா."

திரும்பி வருகிற ரயிலில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார். எண்ணூர் தாண்டினதும், "அவன் கேட்டது நாயம்டா" என்றார். தெருவில் சொன்னால் அக்காவுக்கும் தெரிந்துவிடும், முன்னாலேயே வீட்டில் சொல்லிவிடலாமே என்றேன். "வூட்ல சொன்னா அவ அழுவா, நான் அதோட நின்னுடுவேன்" என்றார்.

அடுத்த நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெரு முனைக்குப் போனார். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் நின்று கத்தின அதே இடம். இப்போது அங்கே ஆட்டோ ஸ்டாண்டும் ஒரு பிரியாணிக் கடையும் இருக்கின்றன. மாமா குரலை உயர்த்தி, "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றார். வெள்ளைச் சட்டையைப் பார்த்துக் கவுன்சிலர் எலெக்‌ஷன் என்று நினைத்து இரண்டு பேர் கிட்டே வந்தார்கள்.

"சௌக்கத் அலி என் கல்யாணத்துக்குக் குடிச்சுட்டு வரல. அவரு குடிக்கற ஆளே கெடையாது. போட்டா பொகையா போனதுக்கு நான் குடுத்த லென்ஸுதான் காரணம். நான் அவர குடிகாரன்னு இதே எடத்துல சொன்னேன். அது பொய்யி."

ஆட்டோ ஓட்டுகிற தீனா, "யாரு தல சௌக்கத் அலி?" என்றான். அவன் அப்போது பிறக்கவேயில்லை. மாமா முதலிலிருந்து மறுபடி சொன்னார். பழைய ஆட்களில் தெருவில் மிச்சம் இருப்பது ஞானபாக்கியம் அம்மா ஒருத்திதான், அவளுக்கும் காது கேட்காது. மாமா அவள் பக்கத்தில் குனிந்து, காதில் கையைக் குவித்து, மூன்றாம் தடவை சொன்னார். அவள், "அந்தப் பாய் நல்ல புள்ளையாச்சே, எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். பிரியாணிக் கடைக்காரர் சிரித்தார். எனக்கு அவரை அறையலாம்போல இருந்தது.

திரும்பிப் பார்த்தால் அக்கா பின்னால் விளக்குமாறோடு நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. மாமாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த லென்ஸு நீ குடுத்ததா?"

"நான்தான் பூவு."

வீட்டுக்குள் போய்விட்டாள். கத்தவில்லை, அழவில்லை. சோறு போட்டாள், மாமா சாப்பிட்டார். மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்து நின்றாள். "அவரு சொன்னத அவரு தெருவுல நின்னு திருப்பி வாங்கிட்டாரு. முப்பத்தெட்டு வருசமா சாமி முன்னாடி நின்னு நான் வுட்டத எங்க போய் திருப்பி வாங்கறது, சொல்லு" என்றாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. "பாய் வூடு உனக்குத் தெரியும்தானே, கெளம்பு" என்றாள்.

நாங்கள் புறப்படும்போது மாமாவும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "நீ வராத" என்றாள் அக்கா. அவர் கொட்டகைக்குள் போய்விட்டார்.

மீஞ்சூரில் அக்கா பாய் வீட்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வரச் சொல்லி மலிகா கையைப் பிடித்து இழுத்தும் கால் நகரவில்லை. பாய் எழுந்து வந்தார்.

"நான் உன்ன ரொம்ப கலீஜா பேசிட்டேண்ணே. வருசா வருசம் பேசினேன்."

"மீஞ்சூரு தூரம்மா. ஒண்ணும் காதுல விழல. உள்ள வா."

அக்கா உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எங்கப்பா மூஞ்சி எனக்கு மறந்துபோச்சுண்ணே. கண்ண மூடினா அந்த சீலு அடிச்ச போட்டாதான் வருது" என்றாள். இதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

பாய் தாடியைத் தடவினார். "பொகை பிலிம்லதாம்மா. நான் பாத்தது லென்ஸ் வழியா இல்ல, மேல கீற ஜன்னல் வழியா. அதுல உருவம் ரெண்டா தெரியும், ஆனா பொகை இல்ல. அன்னிக்கு நூத்தியெட்டுப் படத்தையும் நான் தெளிவா பாத்தேன். உங்கப்பா எப்பிடி நின்னாருன்னு சொல்லட்டா?"

அக்கா தலையை ஆட்டினாள்.

"புது வேட்டி கட்டியிருந்தாரு, கடைக்காரன் ஒட்டின சீட்ட கிழிக்கவே இல்ல, முழங்காலாண்ட ஒட்டிகினு இருந்துச்சு. தாலி கட்டறப்ப எல்லாரும் தாலிய பாத்தாங்க. உங்கப்பா தேசன் கைய பாத்துகினு இருந்தாரு, நடுங்குதான்னு. நடுங்கல. அப்பாலதான் கைல வெச்சிருந்த அட்சதைய போட்டாரு. நாலஞ்சு அரிசி உன் காதாண்ட மாட்டிகிச்சு, அத எடுத்து வுட்டாரு. அதையும் படம் எடுத்தேன். பந்தியில அவரே பாயசம் ஊத்திகினு வந்தாரு, சம்பந்தி வூட்டுக்கு மட்டும் ரெண்டு கரண்டி."

எனக்கு அந்தப் பாயச வாளி ஞாபகம் வந்தது. அப்பாவின் கை ஞாபகம் வந்தது, மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை.

"மூணாவது ரோலுல கடைசி படம். உங்கப்பாவ காணோம். தேடிகினு போனா, சமையல் கொட்டாய்க்குப் பின்னால துண்டால மூஞ்ச மூடிகினு அழுதுகினு இருந்தாரு. நான் கேமராவ கீழ எறக்கிட்டேன். அவரு என்ன பாத்துட்டு, 'இரு பாய், ஒரு படம் எடு. எம்பொண்ணு பாக்கப்போற போட்டா, சிரிச்சுக்கறேன்'னு சொல்லி மூஞ்ச தொடச்சிகினு நின்னாரு."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சாராண்ணே?"

"சிரிச்சாரும்மா. நான் பாத்தேன்" என்றார் பாய்.